தரை நனையாமல் கை கழுவுவது எப்படி

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தமிழ் வித்தியாலயம் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஒரு விசாரணைக் குழு போய் இறங்கும். அந்தக் குழுவுக்குத் தேநீர் வைக்கக்கூட அங்கே தண்ணீர் கிடையாது.

தண்ணீர்தான் இல்லையே தவிர, குழாய்கள் இருக்கின்றன. ஆறு குழாய்கள். வெள்ளை டைல்ஸ் பதித்த சுவரில் வரிசையாக, பளபளவென்று, ஒவ்வொன்றுக்கும் மேலே சிரிக்கிற குழந்தையின் படத்தோடு. பக்கத்தில் மலசலகூடங்கள் இரண்டு. யாரோ புண்ணியவான்கள் நன்கொடையாகக் கட்டிக்கொடுத்து, நாடா வெட்டி, படம் பிடித்துக்கொண்டு போய் மூன்று வருடமாகிறது. இந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. விழா நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது அப்படியெல்லாம் கேட்பது மரியாதையில்லை.

இந்தப் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிப்பவர் ஸல்மா டீச்சர். பதுளை நகரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். உலகத்தில் எல்லாக் காரியமும் முறைப்படி எழுதிக் கேட்டால் நடக்கும் என்று நம்புகிறவர். அவரை நான் குறை சொல்லவில்லை. வளர்ப்பு அப்படி.

அவர் எழுதிக் கேட்டது பெரிய சாமான் ஒன்றுமில்லை, ஒரு கடிதம். பாடசாலைக்கு மேலே முந்நூறு யார் தூரத்தில் லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளர்கள் குளிக்கிற பீலி இருக்கிறது. கோடையிலும் வற்றாத ஊற்று. அங்கிருந்து குழாய் இழுக்கத் தோட்டத்துத் துரை சம்மதித்துவிட்டார். பைப்பும் தருகிறேன் என்றார். குழாய் புதைக்கக் கான் வெட்டப் பிள்ளைகளின் தகப்பன்மார் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். துரைக்கு வேண்டியதெல்லாம் கல்விப் பக்கத்திலிருந்து ‘இந்தப் பாடசாலைக்கு நீர் இணைப்புத் தேவை’ என்று முத்திரை குத்திய ஒரு வரி. அதிபரின் முத்திரை போதாது, பதுளை அலுவலகத்தின் முத்திரை வேண்டும். அந்த ஒரு வரிக்காக ஸல்மா டீச்சர் இரண்டு வருடமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவசரம் தண்ணீருக்கல்ல, தர்மினிக்கு. தரம் பத்தில் படிக்கிற பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டாள். ஏனென்று ஒரு பெண்ணுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற நாட்களிலும் அந்தப் பாடசாலையில் பெரிய பெண் பிள்ளைகள் காலையிலிருந்து வீடு போகும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் மலசலகூடத்துக்குப் போக வேண்டிவரும். அதற்குள் போய்விட்டு வந்தவர்கள் மறுபடி போக விரும்புவதில்லை.

தர்மினியின் தாய் ஜெயமாலினி கொழுந்துக் கூடையோடு வந்து பாடசாலை வாசலில் நின்று நேராகவே சொல்லிவிட்டாள்.

“வயசுப் புள்ளைங்க டீச்சர். அந்த நாலு நாளு தண்ணி இல்லாத எடத்துல அவ என்னா செய்வா? வர்ற வருசம் பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள தண்ணி வந்திருச்சுன்னா அனுப்புறேங்க. இல்லாட்டி நிப்பாட்டிருவேன். பதுள கடையில ஆளு கேக்குறாங்க.”

சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. ஸல்மா டீச்சர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கடிதத்தோடு நேராகப் பதுளை அலுவலகத்துக்கே போனார்.

அவருடைய கடிதங்கள் போய்ச் சேர்ந்த பாடசாலை நற்பழக்க மேம்பாட்டுப் பிரிவு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மாணவர்களுக்கு நல்ல பழக்கங்களைப் பழக்குவதற்காகவே உருவான பிரிவு. பழக்கங்கள் மொத்தம் பதினான்கு என்று அது கண்டுபிடித்திருக்கிறது. பல் துலக்குவதில் தொடங்கி, புன்னகையோடு உறங்கச் செல்வதில் முடிகின்றன. படிக்கட்டு முழுக்கச் சுவரொட்டி. கடைசிப் படியில் அலுவலகத்தின் மலசலகூடம், பூட்டியிருந்தது. திறப்பு பணிப்பாளரிடம் இருப்பதாகவும், கேட்டால் சங்கடப்படுவார் என்றும் வாசலில் இருந்தவர் சொன்னார்.

பணிப்பாளர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையான மனிதர். ஸல்மா டீச்சரை இருக்கச் சொல்லி, கடிதத்தை முழுவதும் வாசித்தார். பிறகு அதை மடித்து அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

“தண்ணி எண்டுறது பௌதிக வளம், டீச்சர். அது எங்கட விசயமில்லை. எங்கட விசயம் பழக்கம். பழக்கம் மனசில இருந்து வரோணும், குழாயில இருந்து வரக்கூடாது.”

பௌதிக வளத்துக்கு எங்கே போவது என்று டீச்சர் கேட்டார். அந்தப் பிரிவைப் போன வருடம் இந்தப் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள், அதற்கும் தானே பணிப்பாளர் என்று இரகுநாதன் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அந்தக் கதிரையில் அவர் வியாழக்கிழமைகளில் மட்டும்தான் இருப்பார். வியாழக்கிழமைகளில் கூட்டம்.

டீச்சரின் முகம் வாடியதைப் பார்த்து மனிதருக்கு இரக்கம் வந்தது. நற்பழக்கப் போட்டி ஒன்று வரப்போகிறது, அதில் முதலாமிடம் வருகிற பாடசாலைக்கு விசேட வசதிகளில் முன்னுரிமை உண்டு, அப்போது இந்தக் கடிதக் கோவையைத் தானே கையில் எடுத்துப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார். ஸல்மா டீச்சர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். கை கழுவ வைப்பதில் முதலாமிடம் வந்தால் கை கழுவத் தண்ணீர் கிடைக்கும் என்பதில் என்ன பிழை இருக்கிறதென்று அவருக்கு உடனே பிடிபடவில்லை.

விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தவர் எழுதுவினைஞர் நஸீர். நம்முடைய பதுளைப் பையன்தான், டீச்சரின் தம்பியோடு படித்தவர். ‘கை கழுவும் வசதி: உண்டு / இல்லை’ என்ற இடத்தில் டீச்சரின் பேனா நின்றுவிட்டது.

“தண்ணி இல்லண்டு எழுத இதுல எடமில்ல டீச்சர். குழாய் ஈக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“ஈக்கி. ஆனா…”

“ஆனாவுக்குக் கூடு இல்ல டீச்சர். இல்லண்டு போட்டா போட்டியில சேக்க மாட்டாங்க.”

டீச்சர் ‘உண்டு’ என்ற கூட்டுக்குள் சரி போட்டார். பொய் சொல்லவில்லை. குழாய் இருந்தது.

அடுத்து ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு. பண்டாரவளையில் ஒரு நல்ல ஹோட்டலில் நடந்தது. வளவாளர் நிசாந்தினி, வெளிநாட்டில் மூன்று மாதம் கை கழுவல் பற்றிப் படித்து வந்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். கை கழுவுவதில் ஏழு படிகள் இருப்பதாக அவர் திரையில் காட்டினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண், மணிக்கட்டு, கடைசியில் உலர்த்தல். செய்து பார்க்க வேண்டிய நேரம் வந்தபோது ஹோட்டல் முகாமையாளர் ஓடி வந்தார். மண்டபத்தில் விரித்திருந்தது புதுக் கம்பளம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. ஆகவே நாற்பது ஆசிரியர்கள் எழுந்து நின்று, இல்லாத தண்ணீரில், இல்லாத சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்கள். நிசாந்தினி இடையே நடந்து, பெருவிரலை மறந்தவர்களைத் திருத்தினார். கழுவி முடிந்ததும் எல்லோரும் கையை உதறினார்கள். அதையும் கம்பளத்தில் படாமல் உதறும்படி முகாமையாளர் கேட்டுக்கொண்டார்.

நிசாந்தினிக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போனது. சுத்தமாக இருக்கிறது, ஓசையில்லை, எங்கேயும் செய்யலாம். இரண்டாம் நாள் அது செயலமர்வின் சிபாரிசாகவே எழுதப்பட்டது. மதியம் புரியாணி. அதை எல்லோரும் கரண்டியால் சாப்பிட்டார்கள்.

ஸல்மா டீச்சர் பாடசாலைக்குத் திரும்பி வந்து, படித்ததை அப்படியே பிள்ளைகளுக்குப் பழக்கினார். வேறு என்ன செய்வார்? தண்ணீர் தேவைப்படாத ஒரு கை கழுவல் முறையை அரசாங்கமே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. தர்மினியைத் தலைவியாகப் போட்டார். முதலாமிடம் வந்தால் தண்ணீர் வரும் என்று அவளிடமும் அவள் தாயிடமும் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை தன் படிப்பைக் காப்பாற்றிக்கொள்கிற வேகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பழக்கினாள். காலையில் குழாய்களுக்கு முன்னால் இருநூறு பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அவள் “உள்ளங்கை” என்பாள், நானூறு கைகள் தேய்க்கும். “விரலிடுக்கு” என்பாள், விரல்கள் கோர்க்கும். வெறுங்கையை வெறுங்கையால் தேய்த்து நகக்கண்ணில் இருந்த மண் இன்னும் நன்றாக உள்ளே போயிற்று.

இதற்கிடையில் பதிவேடு வந்தது. பதினான்கு பழக்கங்களையும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் செய்ததா என்று சரி போட வேண்டும். முதல் இரண்டு பாடவேளையும் சரி போடுவதிலேயே போயின. சுகாதாரப் பாடம் நடத்த நேரம் இல்லாமல் போனது. எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடித்ததாகப் பெரிய பெண் பிள்ளைகள் வறண்ட உதட்டோடு சரி போட்டார்கள். நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி மட்டும் ‘தினமும் ஒரு பழம்’ என்பதற்கு நேரே இல்லை என்று எழுதிவிட்டாள். பதுளையிலிருந்து விளக்கம் கேட்டுப் படிவம் வந்தது. கொழுந்து பறிக்கும் வேலைக் காட்டிலிருந்து தாயைக் கூப்பிட்டு விசாரித்ததில், பழம் இல்லைங்க என்றாள். அலுவலகம் அதை ‘மனப்பாங்குக் குறைபாடு’ என்று வகைப்படுத்தி, சிறுமிக்கு அரை மணி நேர ஆலோசனை வழங்கும்படி பணித்தது. ஆலோசனை வழங்கப்பட்டது. மறுநாளிலிருந்து அவளும் தினமும் பழம் தின்றாள், பதிவேட்டில்.

அதிபர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. “நமக்கு எதுக்குங்க வம்பு டீச்சர், கேக்குறதப் போட்டுக் குடுத்துருவோம்” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தார்.

மதிப்பீட்டு நாளும் வந்தது. விடியற்காலையிலேயே லயத்துப் பெண்கள் பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்தார்கள். பிள்ளைகளுக்கல்ல, விருந்தினரின் தேநீருக்கு. இரகுநாதனும் நிசாந்தினியும் ஒரு படப்பிடிப்பாளரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மாலை, பொட்டு, வரவேற்பு நடனம் எல்லாம் முடிந்து தேநீரும் வடையும் கொடுக்கப்பட்டன. வடை எண்ணெய் வடை. பணிப்பாளர் கையைப் பார்த்தார். பிறகு குழாய்களைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு குழாயைத் திருகினார். அது ஒரு முறை காற்று விட்டது.

அவர் ஜீப்பிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். சாரதி ஊற்ற, பணிப்பாளர் குழாய்க்குக் கீழே கையை நீட்டிக் கழுவினார். உள்ளங்கை, புறங்கை, அவ்வளவுதான். மற்ற ஐந்து படிகளுக்குப் போத்தலில் போதியளவு இருக்கவில்லை. படப்பிடிப்பாளர் சாரதியையும் போத்தலையும் தவிர்த்து அழகாக ஒரு படம் எடுத்தார். குழாய், அதன் கீழே ஈரக் கைகள், பக்கத்தில் பணிப்பாளரின் புன்னகை. நற்பழக்கங்களைப் பற்றிய ஆண்டறிக்கையின் அட்டைப்படம் அதுதான்.

நிசாந்தினிக்கு மலசலகூடம் போக வேண்டியிருந்தது. ஸல்மா டீச்சர் அழைத்துப் போனார். உள்ளே போனவர் போன வேகத்திலேயே திரும்பி, ஜீப்பை எடுத்துக்கொண்டு லுணுகலை வரை போய் வந்தார். அறிக்கையில், சுகாதார வசதிகள் நேரில் பார்வையிடப்பட்டன என்று எழுதினார். அதுவும் பொய்யில்லை.

பிறகு கை கழுவல் நடந்தது. தர்மினி முன்னால் நின்று கணீரென்று படிகளைச் சொன்னாள். இருநூறு பிள்ளைகளும் ஒரே ஆளைப்போலக் கழுவினார்கள். ஒரு பெருவிரல் தப்பவில்லை. முடிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உதறியபோது இரகுநாதன் தன்னை அறியாமல் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

புள்ளியில் போட்டியே இருக்கவில்லை. முதல்நாள் பார்த்த பாடசாலையில் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அங்கே பிள்ளைகள் தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் படிகளை மறந்து, ஒருவர் மேல் ஒருவர் தெளித்து, தரையை ஈரமாக்கியிருந்தார்கள். படி தவறியதற்குப் புள்ளிக் கழிவு, நீர் விரயத்துக்குக் கழிவு, வழுக்கும் தரைக்குக் கழிவு. நமது பாடசாலைக்கு நூற்றுக்கு நூறு.

பணிப்பாளர் அன்றைக்கே உரை நிகழ்த்தினார். மேடையில் ஏறினால் அவருக்கு நல்ல செந்தமிழ் வந்துவிடும்.

“நீர் இன்று இருக்கும், நாளை இருக்காது. நீரை நம்பிக் கை கழுவும் பிள்ளை, நீர் நின்றதும் கை கழுவுவதையும் நிறுத்திவிடும். உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. உங்கள் பழக்கத்தை எந்த வறட்சியாலும் அசைக்க முடியாது. வசதி படைத்த பாடசாலைகள் உங்களிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும். எனது முப்பது வருட சேவையில் இவ்வளவு சுத்தமான கை கழுவலை நான் கண்டதில்லை.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னால் நின்ற ஜெயமாலினியும் தட்டினாள். மகள் முதலாமிடம் வந்துவிட்டாள், தண்ணீர் வரப்போகிறது என்று அவளுக்கு விளங்கியிருந்தது. ஸல்மா டீச்சருக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது.

முன்னுரிமை அடிப்படையிலான விசேட வசதி தவணை விடுமுறையில் லொறியில் வந்தது. மேலும் ஆறு குழாய்கள். இம்முறை நீல நிற டைல்ஸ்.

கூடவே ஒரு சான்றிதழும் ஒரு கடிதமும். சான்றிதழ் பாடசாலையை ‘முழுமையான கை கழுவல் முன்மாதிரிப் பாடசாலை’ என்று அறிவித்தது. கடிதம் அதைச் சுட்டிக்காட்டி, அவ்வாறு சான்றளிக்கப்பட்ட ஒரு பாடசாலைக்கு நீர் இணைப்புத் தேவை எனச் சிபாரிசு செய்வது முரணாகும் என்பதால், மேற்படி கோவை இத்துடன் மூடப்படுகிறது என்றது. பணிப்பாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். கோவையைத் தானே கையில் எடுத்துப் பார்த்துத்தான் மூடியிருந்தார்.

புது வருடம் பாடசாலை திறந்தது. ஜெயமாலினி சண்டை பிடிக்கவில்லை. விடுகைப் பத்திரம் மட்டும் கேட்டாள். தர்மினிக்குப் பதினாறு முடிந்துவிட்டது. பதுளையில் இப்றாஹீம் ஹாஜியாரின் புடவைக் கடையில் வேலை. வயதுக்கு அத்தாட்சியாகப் பத்திரம் வேண்டுமாம். முன்மாதிரிப் பாடசாலை என்றபடியால் அங்கே ஒரு பிள்ளை விலகுவதற்கும் நற்பழக்கப் பிரிவின் அனுமதி வேண்டியிருந்தது. ‘விலகும் காரணம்’ என்ற இடத்தில் ஸல்மா டீச்சர் ‘பாடசாலையில் தண்ணீர் இல்லை’ என்று எழுதி அனுப்பினார்.

சிவப்பு மையில் திரும்பி வந்தது: சான்றிதழுக்கு முரணானது, சரியான காரணத்தைக் குறிப்பிடுக.

மறுபடியும் அதையே எழுதினார். மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய், பணிப்பாளரின் மேசையில் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சேர் கையாலேயே குழாயத் தொறந்து பாத்தீங்க. தண்ணி வரல்ல. எங்கட புள்ளைக்கு வேற என்ன காரணத்த நான் எழுதுற?”

இரகுநாதன் கோபப்படவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

“என்ன டீச்சர் கதைக்கிறியள்? தண்ணி இருந்திருந்தா உங்கட பள்ளிக்கூடம் முதலாமிடம் வந்திருக்குமோ?”

டீச்சர் படிவத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தர்மினியை எப்படியாவது திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவது, தன் வீட்டில் தங்க வைத்தாவது நகரத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ப்பது என்று தீர்மானித்து நேரே புடவைக் கடைக்கு நடந்தார்.

பத்திரம் வரும்வரை வந்து பழகட்டும் என்று ஹாஜியார் தர்மினியை எடுத்திருந்தார். அவள் நீலச் சீருடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். மேசையில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. டீச்சர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார், பரீட்சையைப் பற்றிச் சொன்னார். அவள் மடிக்கிற துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நகரத்துப் பாடசாலையில் முன்மாதிரிப் பாடசாலைப் பிள்ளைகளை எடுக்க அலுவலகம் விடாதென்று நஸீர் அண்ணன் ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். பிறகு, டீச்சரைத் தேற்றுகிற மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நான் நல்லாத்தான் இருக்கேன் டீச்சர். இங்க எல்லா நாளும் வர்றேன். குழாயத் தொறந்தா தண்ணி வருதுங்க.”

ஸல்மா டீச்சர் கடையின் பணம் செலுத்தும் மேசையில் ஒரு பேனா இரவல் வாங்கினார். ‘விலகும் காரணம்’ என்ற இடத்தில், ‘தண்ணீர் உள்ள இடத்துக்குச் செல்கிறார்’ என்று எழுதி, திரும்பிப் போய் நஸீரிடம் கொடுத்தார்.

அந்தக் காரணத்தில் நற்பழக்கப் பிரிவுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. மறுநாளே கையொப்பமும் முத்திரையும் வைத்து அனுப்பிவிட்டார்கள்.